பழைய மேனுவல் லென்ஸ், புதிய கேமரா: சேலம், ஏற்காடு பக்கம் படம் எடுப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

சேலத்தில் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். ஒரு வாரம் கன்னங்குறிச்சி மூக்கனேரி, அடுத்த வாரம் வாழப்பாடிப் பக்கம் பாக்குத் தோப்பு, மழை விட்டால் ஏற்காடு. என் கேமராவில் பெரும்பாலும் கையாலேயே ஃபோகஸ் செய்ய வேண்டிய அப்பா காலத்து மேனுவல் லென்ஸ் ஒன்றுதான் மாட்டியிருக்கும். அதைப் பார்த்ததும் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நின்று நின்று பதில் சொன்னதில் எத்தனையோ நல்ல வெளிச்சம் போய்விட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

வீட்டுப் பரணில் பழைய ஃபிலிம் கேமரா கிடக்கிறது. அதன் லென்ஸ் உதவுமா?

லென்ஸ் தனியாகக் கழன்று வருகிறதா என்று முதலில் பாருங்கள். பெண்டாக்ஸ் கே1000, ஜெனிட், மினோல்டா, நிக்கான் எஃப்எம் வரிசை, யாஷிகா எஃப்எக்ஸ்-3 போன்ற எஸ்எல்ஆர் (உள்ளே மிரர் வைத்த) கேமராக்களில் கழன்று வரும். யாஷிகா எலக்ட்ரோ 35 போல லென்ஸ் உடம்போடு ஒட்டியிருப்பது என்றால் அதை அப்படியே ஷோகேஸில் வைத்துவிடுங்கள். அதைப் பிரித்து மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்தான். முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

என் கேமராவில் மாட்டுமா?

மிரர்லெஸ் கேமரா என்றால் அநேகமாக எதுவும் மாட்டும். காரணம் எளிது. லென்ஸ் உட்காரும் மவுண்ட் வளையத்துக்கும் படத்தைப் பதியும் சென்சாருக்கும் நடுவே ஒவ்வொரு கம்பெனியும் ஒரு தூரத்தை வைத்திருக்கிறது. பழைய எஸ்எல்ஆர் கேமராக்களுக்குள் ஒரு மிரர் தூக்கி விழ இடம் வேண்டியிருந்ததால் அந்தத் தூரம் அதிகம். எம்42 திருகு மவுண்டுக்கு 45.46 மி.மீ., நிக்கான் எஃப்புக்கு 46.5, ஒலிம்பஸ் ஓஎம்முக்கு 46, மினோல்டாவுக்கு 43.5, கேனான் எஃப்டிக்கு 42. மிரர்லெஸ்ஸில் அந்த மிரரே கிடையாது. சோனி இ மவுண்டில் தூரம் 18 மி.மீ., நிக்கான் இசட்டில் 16, கேனான் ஆர்எஃப்பில் 20, ஃபியூஜி எக்ஸ்ஸில் 17.7. மிச்சமிருக்கும் இடைவெளியை ஒரு வெற்றுக் குழாய் நிரப்பிவிடும். அந்தக் குழாய்தான் அடாப்டர். உள்ளே கண்ணாடி எதுவும் தேவையில்லை. எம்42 லென்ஸை சோனியில் மாட்ட 27.46 மி.மீ. நீளக் குழாய், அவ்வளவுதான் விஷயம்.

டிஎஸ்எல்ஆர் (மிரர் உள்ள டிஜிட்டல் கேமரா) வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். கேனான் டிஎஸ்எல்ஆரின் தூரம் 44 மி.மீ. ஆகவே எம்42, நிக்கான், ஒலிம்பஸ் லென்ஸ்கள் அதில் வேலை செய்யும். கேனானின் சொந்தப் பழைய எஃப்டி லென்ஸ் வேலை செய்யாது. சொந்த வீட்டுப் பிள்ளைக்கே இடமில்லாத கதை. ஃபுல் ஃபிரேம் (ஃபிலிம் அளவுச் சென்சார்) கேனானில் சில லென்ஸ்களின் பின்பக்கம் மிரரில் இடிக்கும், ஜாக்கிரதை. நிக்கான் டிஎஸ்எல்ஆரில் எம்42 மாட்டினால் தூரத்து மலை ஃபோகஸ் ஆகவே ஆகாது. நடுவில் கண்ணாடி வைத்த அடாப்டர் கிடைக்கிறது. அது படத்தின் கூர்மையைத் தின்றுவிடும் என்பது என் அனுபவம். நிக்கான்காரர்கள் பழைய நிக்கான் லென்ஸையே தேடுவது நல்லது. அதிலும் 1977-இல் வந்த ஏஐ வகையாகப் பார்த்து வாங்குங்கள். அதற்கு முந்தியதைச் சில நிக்கான் கேமராக்களில் அழுத்தி மாட்டினால் மவுண்ட் ஓரத்தில் இருக்கும் சின்ன நெம்புகோல் உடைந்துவிடும்.

அடாப்டர் விலை குறைந்ததா, கூடியதா?

விலையைவிட இரண்டு விஷயம் முக்கியம்: ஆட்டம் இருக்கக் கூடாது, நீளம் கூடியிருக்கக் கூடாது. நீளம் ஒரு துளி குறைந்திருந்தால் பரவாயில்லை. ஃபோகஸ் வளையம் முடிவிலிக் குறியைத் தாண்டிக் கொஞ்சம் ஓடும், பார்த்துக்கொள்ளலாம். கூடிவிட்டால் தூரத்துப் பொருள் எதுவும் கூர்மையாக வராது. மலையை எடுக்கப் போகிறவர்களுக்கு அதைவிட வேறு தண்டனை வேண்டாம்.

சோதிக்க நமக்கு ஊரிலேயே வசதி இருக்கிறது. மழை பெய்து வானம் கழுவிவிட்ட காலையில் மொட்டை மாடிக்குப் போய், வடக்கே தெரியும் சேர்வராயன் மலைமுகட்டில் ஒரு டவரையோ மரத்தையோ பிடியுங்கள். அப்பர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துளையை) முழுக்கத் திறந்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வளையத்தைத் திருப்புங்கள். கூர்மை வந்து, அதைத் தாண்டி மறுபடி மங்கினால் அடாப்டர் சரி. கூர்மை வரும் முன்பே வளையம் முட்டி நின்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மாட்டிவிட்டேன். ஷட்டரே விழவில்லையே?

கேமராவுக்கு லென்ஸ் மாட்டியிருப்பதே தெரியாது. மெனுவில் ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர்’ என்ற பொருளில் ஒரு வசதி இருக்கும், அதை இயக்குங்கள். உடம்பிலேயே கை நடுக்கத்தைச் சரி செய்யும் ஸ்டெபிலைசர் உள்ள கேமரா என்றால் லென்ஸின் மி.மீ. அளவையும் மெனுவில் கையால் கொடுங்கள். 135 மி.மீ. மாட்டிவிட்டு 50 என்றே விட்டால் அது தப்பாக ஆடித் திருத்தும்.

அப்பர்ச்சரை எப்படி மாற்றுவது?

லென்ஸில் இருக்கும் வளையத்தால்தான். கேமராவை ஏ மோடில் வையுங்கள். ஷட்டர் வேகத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். எம்42 லென்ஸ்கள் பலவற்றில் ‘ஆட்டோ, மேனுவல்’ என்று ஒரு சின்ன தள்ளுப்பொத்தான் உண்டு. அது மேனுவலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வளையத்தை எத்தனை திருப்பினாலும் இதழ்கள் அசையாது. ‘லென்ஸ் ரிப்பேர்’ என்று என்னிடம் வந்தவற்றில் மூன்றை இந்தப் பொத்தானைத் தள்ளியே சரி செய்திருக்கிறேன்.

ஹீலியோஸ் 44-2 என்ற சோவியத் லென்ஸை வாங்கியவர்கள் இரண்டு வளையத்தைப் பார்த்துக் குழம்புவார்கள். ஒரு வளையம் கட்டளை போடும், மற்றது ஓடும். முதல் வளையத்தை 8-இல் வைத்தால் (எண் கூடினால் துளை சிறியது), இரண்டாவது வளையம் 2-க்கும் 8-க்கும் நடுவே மட்டும் சத்தமில்லாமல் திரும்பும். முழுக்கத் திறந்து வெளிச்சமாகப் பார்த்து ஃபோகஸ் செய்துவிட்டு, கண்ணை எடுக்காமலே மறுபக்கம் திருப்பினால் 8-இல் போய் நின்றுவிடும். ஃபிலிம் காலத்துக்காகச் செய்த ஏற்பாடு இன்று வீடியோ எடுப்பவர்களுக்குப் பிடித்துப்போய்விட்டது, ஏனென்றால் கிளிக் சத்தம் கிடையாது.

கையால் ஃபோகஸ் செய்தால் எல்லாம் அவுட் ஆகிறதே?

ஆகும். அரை மீட்டர் தூரத்தில் 58 மி.மீ. லென்ஸை எஃப் 2-இல் திறந்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. நீங்கள் மூச்சு விட்டாலே அது தாண்டிவிடும். கேமராவில் ஃபோகஸ் பீக்கிங் இருந்தால் கூர்மையான விளிம்புகளில் நிறம் மினுங்கும். உதவும், ஆனால் முழுக்க நம்ப வேண்டாம். வைக்கோல் போர், கரும்புத் தோகை மாதிரி இடங்களில் எல்லாமே மினுங்கித் தொலைக்கும். திரையைப் பெரிதாக்கும் வசதியை ஒரு பொத்தானில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதைத்தான் நம்புகிறேன்.

ஊர்க்காட்சிக்கு இன்னொரு வழி இருக்கிறது, ஃபோகஸே செய்யாத வழி. ஃபுல் ஃபிரேமில் 28 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் வைத்து, தூரத்தை 3.3 மீட்டரில் நிறுத்திவிட்டால், ஏறக்குறைய 1.6 மீட்டரிலிருந்து மலை வரைக்கும் கண்ணுக்குக் கூர்மையாகவே இருக்கும். லென்ஸின் மேலேயே இதற்குக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். நடுக்குறியின் இரண்டு பக்கமும் 8, 11, 16 என்று இருக்கும் எண்கள் அலங்காரத்துக்கு இல்லை. சந்தை நாளில் நான் இப்படி நிறுத்திவிட்டுக் கண்ணை வியாபாரத்தின் மேல் வைத்துக்கொள்வேன்.

ஓடி வரும் பொருளுக்கு முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டும். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏதோ ஒன்றில் பத்திரமான ஓரமாக நின்றுகொண்டு, வளைவில் சுண்ணாம்பு அடித்த கல்லில் ஃபோகஸ் செய்துவிட்டுக் காத்திருங்கள். பஸ்ஸின் முகப்பு அந்தக் கல்லுக்கு நேராக வரும்போது அழுத்துங்கள். ஒரு காலைக்கு நாலு பஸ்ஸாவது வரும், ஒன்றில் கிடைக்கும்.

முதலில் எந்த லென்ஸ் வாங்கலாம்?

ஒரு 50 மி.மீ. எந்தக் கம்பெனி என்பது இரண்டாம் பட்சம். ஃபிலிம் கேமரா விற்ற காலத்தில் பெட்டியோடு கொடுத்தது இதைத்தான். அதனால் மலிவாகவும் கிடைக்கும், கெட்டதும் அபூர்வம். ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் இது 75 மி.மீ. மாதிரி நடந்துகொள்ளும், அதைவிடவும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 100 மாதிரி. ஊர்க்காட்சிக்கு அது நெருக்கடியாகத் தெரிந்தால் அடுத்து 28. மலையடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கிக் காட்ட 135. ஆறு மாதத்துக்குள் அலமாரி நிறைய ஐம்பதுகளாகவே வாங்கி அடுக்குவது ஒரு வியாதி. எனக்கும் வந்து போனது.

ஹீலியோஸ் வாங்கினேன். எல்லோரும் சொல்லும் அந்தப் பின்னணிச் சுழல் வரவில்லையே?

ஹீலியோஸ் 44, இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜெர்மனியில் ட்சைஸ் செய்த பயோட்டார் 58 மி.மீ. லென்ஸின் வழி வந்தது. சோவியத் நாட்டில் ஜெனிட் கேமராவுக்காக லட்சக்கணக்கில் செய்து தள்ளினார்கள். பின்னணி சுழன்று தெரிவது படத்தின் ஓரங்களில்தான். ஏபிஎஸ்-சி சென்சார் அந்த ஓரத்தையே வெட்டிவிடும். ஆகவே பாதிக் குறை உங்களுடையது இல்லை.

மீதிப் பாதி பின்னணியில் இருக்கிறது. எஃப் 2-இல் முழுக்கத் திறந்து, ஆளை ஒன்றரை, இரண்டு மீட்டரில் நிறுத்தி, அவருக்குப் பின்னால் ஐந்தாறு மீட்டர் தள்ளி, இலை இடுக்கில் வெளிச்சம் சொட்டும் இடமாக இருக்க வேண்டும். வெறும் வானமும் வெள்ளைச் சுவரும் சுழலாது. ஏற்காட்டில் சில்வர் ஓக் மரத்தடியில் காப்பிச் செடி நிற்கும் தோட்டங்கள் இதற்கென்றே நட்டது போல இருக்கும். வாழப்பாடி பாக்குத் தோப்பு சரிப்படாது. நெட்டு நெட்டாக நிற்கும் மரங்கள் ஓரத்தில் வளைந்து தலை சுற்ற வைக்கும். சிலருக்கு அது பிடிக்கிறது.

படம் வெளுத்துப்போய், சோப்புத் தண்ணீர் ஊற்றியது போல வருகிறது. லென்ஸ் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் லென்ஸ் கெட்டிருக்காது. நீங்கள் நின்ற திசைதான் தப்பு. இந்தப் பக்கத்திலேயே நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான்.

கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பும் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். பூச்சே இல்லாத கண்ணாடியில் அது சுமார் 4 சதவீதம். ஹீலியோஸில் நான்கு தொகுதி, ஆக எட்டுப் பரப்பு. பழைய லென்ஸ்கள் பலவற்றில் ஒரே அடுக்குப் பூச்சுதான். இன்றைய லென்ஸில் பல அடுக்கு. திருப்பி அடிக்கப்பட்ட வெளிச்சம் உள்ளேயே பந்தாடி, கடைசியில் கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கறுப்பு சாம்பலானால் படம் வெளுத்துத்தான் தெரியும்.

இப்போது நம் ஊர் வரைபடத்தை மனதில் கொண்டுவாருங்கள். சேர்வராயன் மலை சேலத்துக்கு வடக்கே. சமவெளியில் நின்று மலையைப் பார்த்தால் நம் முதுகு தெற்குப் பக்கம். சேலம் ஏறக்குறைய 11.7 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஏப்ரல் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்தே இருக்கும். அதாவது வருஷத்தில் எட்டு மாதம், கீழிருந்து மலையை எடுக்கிறவனுக்குச் சூரியன் முதுகுக்குப் பின்னால். பழைய லென்ஸுக்கு இதைவிட வேறு உபசாரம் தேவையில்லை. மலைக்குத் தெற்கே ஒரு வயலில் நின்று டிசம்பர் மாதம் காலை ஒன்பது மணிக்கு எடுத்தால், மலையின் மடிப்பு ஒவ்வொன்றும் நிழலோடு தனித்தனியாக விழும். அந்தப் படத்தைப் பார்த்து லென்ஸின் வயதை யாரும் சொல்ல முடியாது.

அதே லென்ஸோடு மேலே ஏறி, லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்தைப் பார்த்தால் கதை தலைகீழ். இப்போது தெற்கே பார்க்கிறீர்கள். சூரியன் முகத்துக்கு நேரே. ஊரின் மேல் தூசுப்படலம் வேறு. முதல் தடவை நான் அங்கே எடுத்த நாற்பது படமும் பால் கலந்த தண்ணீர். லென்ஸை அன்று வாயாரத் திட்டிவிட்டு, அடுத்த வாரம் கீழே கன்னங்குறிச்சியில் நின்று எடுத்தபோதுதான் புத்தி வந்தது.

மேலிருந்து எடுக்கத்தான் வேண்டும் என்றால் சில வழிகள்: முதலில் ஹூட், அதாவது லென்ஸின் முன்னால் மாட்டும் வெயில் மறைப்பு. ஹீலியோஸ் 44-2, பெண்டாக்ஸின் டாகுமார் 50 இரண்டுக்கும் 49 மி.மீ. திருகுதான், ஒரு ரப்பர் ஹூட் இரண்டுக்கும் ஆகும். ஹூட் மறைக்காத கோணத்தில் வெயில் வந்தால் இடது உள்ளங்கையை நீட்டிக் கண்ணாடியின் மேல் நிழல் விழ வையுங்கள். திரையில் கறுப்பு ஆழமாவது அப்போதே தெரியும். முன்னால் மாட்டிய மலிவு யுவி ஃபில்டரைக் கழற்றுங்கள், அது இன்னும் இரண்டு பரப்பு. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போங்கள். இத்தனைக்கும் பிறகும் சூரியனை ஃபிரேமுக்குள் வைத்து வேண்டுமென்றே வெளுக்கவிட்ட படங்களும் என்னிடம் இருக்கின்றன. தெரிந்து செய்தால் அது அழகு.

ஏற்காட்டுப் பனிமூட்டத்தில்?

பனியே எல்லாவற்றையும் வெளுக்க வைக்கும், பழைய லென்ஸ் அதற்குத் துணை போகும். ரா (RAW) ஃபைலாக எடுங்கள், வீட்டுக்கு வந்து கறுப்பை இழுத்துக்கொள்ளலாம். முன்னால் ஒரு கறுப்புப் பொருள் இருக்கட்டும்: நனைந்த மரத்தண்டு, குடை, மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக். அது இல்லாவிட்டால் பார்க்கிறவர் கண்ணுக்குப் பிடிமானம் இருக்காது.

இன்னொன்று. கீழிருந்து ஏசி காரில் வந்து இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படிந்துவிடும். ஒரு டீ குடித்து முடிக்கும் வரை மூடியே இருக்கட்டும்.

ஜவ்வரிசிக் களத்தில் எடுத்தால் எல்லாம் சாம்பல் நிறமாக வருகிறதே?

சேலம் சுற்றுவட்டாரத்துக்கே உரிய கேள்வி. குச்சிக்கிழங்கை அரைத்து, மாவைக் குருணையாக்கி, வறுத்து, சிமெண்டுக் களத்தில் காயப்போடுவார்கள். தரை முழுக்க வெள்ளை, மேலே வெயில். கேமராவின் ஒளி மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைத்துக்கொள்ளும். வெள்ளையைக் கண்டால் இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பு).

அதைவிட நல்லது, மீட்டரையே மறந்துவிட்டுப் பழைய கணக்குக்குப் போவது. சுட்டெரிக்கும் வெயிலில் எஃப் 16, ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர் 1/100. எஃப் 8 என்றால் 1/400. களம் வெள்ளையாக இருந்தாலும் மேலே நிற்பவரின் புடவை கறுப்பாக இருந்தாலும் வெயில் ஒன்றுதானே? வெள்ளை கொஞ்சம் எரிகிறது என்று தோன்றினால் ஒரு ஸ்டாப் குறையுங்கள்.

ஆத்தூர் சாலையில் ஒரு களத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு எடுத்துக்கொண்டிருந்தேன். கையில் மரப்பலகையோடு ஜவ்வரிசியைப் புரட்டிக்கொண்டிருந்த ஓர் ஆத்தா, முந்தானையால் நெற்றியைத் துடைத்தபடி, “ஏங் கண்ணு, பொட்டல்ல காயறதப் போயி இப்படிக் குனிஞ்சு குனிஞ்சு புடிக்கிறியே, என்ன இருக்குது இதுல?” என்றார். பலகை போன வழியெல்லாம் தரையில் சீப்பால் வாரியது போலக் கோடுகள். காலைச் சாய்வெயிலில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நூல் நிழல். திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். பார்த்துவிட்டு, “அட, நம்ம கோலந்தான்” என்று சொல்லிவிட்டுப் புரட்டப் போய்விட்டார். அந்த நிழல் பத்து மணிக்குமேல் இருக்காது, சீக்கிரமாகப் போங்கள். களத்தில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள்; பறக்கும் மாவு நேராகச் சென்சாரில் போய் உட்காரும்.

காப்பிப் பூவைக் கிட்டத்தில் எடுக்க மேக்ரோ லென்ஸ் வேண்டுமா?

வேண்டாம். லென்ஸைக் கேமராவிலிருந்து தள்ளி வைக்கும் எம்42 எக்ஸ்டென்ஷன் டியூப் மூன்று சேர்ந்த கட்டாகக் கிடைக்கும்: பொதுவாக 7, 14, 28 மி.மீ. ஹீலியோஸுக்குப் பின்னால் மூன்றையும் சேர்த்துப் போட்டால் பூ கிட்டத்தட்ட அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும். இந்த நெருக்கத்தில் வளையத்தைத் திருப்புவதை விட்டுவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் சாய்த்து ஃபோகஸ் பிடியுங்கள். எஃப் 8 அல்லது 11. காற்று நிற்கும் விடிகாலை.

பூ எப்போது என்பதுதான் பெரிய கேள்வி. மார்ச், ஏப்ரலில் கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்தால் சில நாளில் தோட்டமே வெள்ளையாகிவிடும், மல்லிகை போல ஒரு வாசனை வரும், இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். தோட்டத்தில் வேலை செய்யும் யாராவது ஓர் அண்ணனின் ஃபோன் நம்பர் இருந்தால் நாள் தவறாது. தோட்டத்துக்குள் கேட்காமல் நுழையாதீர்கள்.

காட்டெருமை, பறவை?

மூக்கனேரியில் பறக்கும் பறவைக்கு மேனுவல் லென்ஸோடு போவது வீம்பு. ஆட்டோஃபோகஸ் எடுத்துப் போங்கள். கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் கொக்கு என்றால் 135 போதும். ஏற்காட்டில் காட்டெருமை எதிர்ப்பட்டால் லென்ஸைப் பற்றி யோசிக்கவே கூடாது, காருக்குள்ளேயே இருங்கள்.

பழைய லென்ஸ் வாங்கும்போது என்னென்ன பார்ப்பது?

ஒரு டார்ச்சை உள்ளே அடித்து, மறுபக்கத்திலிருந்து சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் ஓடியிருந்தால் ஃபங்கஸ். முழுக்கப் புகை படிந்தது போல இருந்தால் எண்ணெய் ஆவியாகிப் படிந்த மங்கல். ஓரத்தில் வானவில் வளையம் தெரிந்தால் இரண்டு கண்ணாடியை ஒட்டிய பசை விட்டுக்கொண்டிருக்கிறது, அதைத் தொடவே வேண்டாம். நாலு தூசிக்கும் ஒரு சின்னக் கீறலுக்கும் பயப்படாதீர்கள், படத்தில் தெரியாது. பின்கண்ணாடிக் கீறல் மட்டும் தொந்தரவு.

அப்புறம் அப்பர்ச்சர் இதழ்கள். வளையத்தைத் திருப்பும்போதே மூடித் திறக்க வேண்டும். நான் ஆன்லைனில் ஒருவரிடம் ‘புதுசு மாதிரி’ என்று நம்பி வாங்கிய 135-இல் இதழ்களில் எண்ணெய் ஊறி, மூடச் சொன்னால் யோசித்து யோசித்து மூடியது. கேட்டால் ‘படத்தில் கண்ணாடி சுத்தமாகத்தானே இருக்கிறது’ என்றார். கண்ணாடியை மட்டுமே படம் போட்டிருந்தார், கவனித்திருக்க வேண்டியது நான். இப்போதெல்லாம் வளையத்தைத் திருப்பி ஒரு சின்ன வீடியோ அனுப்பச் சொல்லிக் கேட்கிறேன். தயங்கினால் வாங்குவதில்லை. எண்ணெய் ஊறிய இதழ் மிரர்லெஸ்ஸில் நாமே கையால் மூடுவதால் ஓரளவு சமாளிக்கும், ஆனால் அந்த எண்ணெய் ஒருநாள் கண்ணாடியில் ஏறும்.

ஃபங்கஸ் வராமல் எப்படி வைப்பது?

தோல் உறையில் வைக்காதீர்கள். பழைய லென்ஸோடு வரும் அந்தப் பழுப்பு உறை பார்க்க அழகுதான். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு லென்ஸுக்கு ஊட்டுவது அதுதான். ஓர் ஐப்பசியில் ஏற்காட்டில் உறவினர் வீட்டில் மறந்துவிட்டு வந்த லென்ஸைத் தையில் போய் எடுத்தபோது உறை பச்சை பூத்திருந்தது. உள்ளே கண்ணாடியில் கோலம். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி போதும். ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதம் இருக்கட்டும். ஜெல் நிறம் மாறினால் சூடுபடுத்தி உலர்த்திக்கொள்ளலாம். அரிசியில் புதைக்காதீர்கள், தவிட்டுத் தூசு உள்ளே போகும். வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் படம் எடுப்பதுதான் இருப்பதிலேயே நல்ல மருந்து.

என் டாகுமார் கண்ணாடி டீ நிறத்தில் இருக்கிறதே?

சூப்பர் டாகுமார் 50 மி.மீ. எஃப் 1.4-இன் ஏழு கண்ணாடி வகை உட்பட அந்தக் காலத்துச் சில லென்ஸ்களில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. ஒளிவிலகல் நன்றாக இருக்கும் என்பதற்காகச் சேர்த்தார்கள். அதன் கதிர்வீச்சே காலப்போக்கில் கண்ணாடியைப் பழுப்பாக்குகிறது. புற ஊதா வெளிச்சம் பட்டால் பழுப்பு மெல்ல விடும். யுவி எல்இடி விளக்கின் கீழ் சில நாள் வைப்பது பத்திரம். சேலத்து வெயிலில் வைக்கலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். மொட்டை மாடியில் திறந்து வைத்த லென்ஸ் ஒரு பூதக்கண்ணாடி; பின்னால் இருப்பதைக் கொளுத்தும். கிரீஸும் இளகி ஓடும். வேண்டாம்.

கதிர்வீச்சு ஆபத்தில்லையா?

மாட்டிப் படம் எடுப்பதால் கவலைப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. கண்ணாடியைத் தேய்க்கவோ உடைக்கவோ கூடாது, தலைமாட்டில் வைத்துத் தூங்க வேண்டிய அவசியமும் கிடையாது.

வீட்டிலேயே பிரித்துச் சுத்தம் செய்யலாமா?

யூடியூப்பைப் பார்த்தால் சுலபமாகத்தான் தெரியும். ஃபோகஸ் திருகை எந்தப் புரியில் பிரித்தோம் என்று குறித்து வைக்காவிட்டால், திரும்ப மாட்டும்போது மலை ஃபோகஸ் ஆகாது. பாழாய்ப்போனாலும் பரவாயில்லை என்ற ஒரு லென்ஸில் பழகுங்கள்.

படத்தின் தகவலில் லென்ஸ் பெயரும் அப்பர்ச்சரும் வரவில்லையே?

வராது. எனக்கு ஒரு பழக்கம்: லென்ஸ் மாற்றியதும் முதல் படமாக அந்த லென்ஸின் முன்வளையத்தை ஃபோனில் ஓர் எடுப்பு எடுத்துவிடுவேன். நேரம் ஒத்துப்பார்த்தால் எந்தப் படம் எதில் என்று தெரிந்துவிடும்.

அப்படியானால் ஆட்டோஃபோகஸ் லென்ஸை விற்றுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். போன தையில் அக்கா மகள் கல்யாணத்தில் ஹீலியோஸோடு போய் நின்றேன். தாலி கட்டும் நேரத்தில் நான் வளையத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். முடிச்சு விழுந்தது, எனக்குக் கிடைத்தது புரோகிதரின் காது. கூர்மையான காது. அக்கா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.